அடையாறு எங்கிருந்து வருது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல அடையாறு பத்திதான். மழை சீசன் நெருங்கினாலே சென்னைக்காரங்களுக்கு அந்த ஆத்து ஞாபகம் வந்துடும். அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு, இந்த முறை ஆறு மட்டும்.

குரோம்பேட்டை வாசகர்: சார், அடையாறு செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்துதான் ஆரம்பிக்குதுன்னு என் பொண்ணு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. என் மாமனார் ஆதனூர் பக்கம், அவர் எங்க ஊர் ஏரிதான் ஆரம்பம்னு அடிச்சுப் பேசறார். நெட்ல தேடினா மணிமங்கலம் பக்கத்துல மலைப்பட்டுன்னு ஒரு ஊரைச் சொல்லுது. யார் சொல்றது சரி?

மாமனார் பக்கம் நின்னா வீட்ல நிம்மதி, நியாயமும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். ஆனா ஒரு விஷயத்தை முதல்ல தெளிவு பண்ணிடுவோம், காவிரிக்கு தலைக்காவிரி, தாமிரபரணிக்கு பொதிகைன்னு சொல்ற மாதிரி அடையாறுக்கு ஒரு மலையோ ஊத்தோ கிடையாது. இது ஏரி வழிஞ்சு உண்டான ஆறு. தாம்பரத்துக்கு மேற்கயும் தெற்கயும் ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரத்தூர், மணிமங்கலம், சோமங்கலம், மலைப்பட்டுன்னு வரிசையா ஏரிங்க இருக்கு, அதுங்க நிரம்பி வழியற தண்ணி சின்னச் சின்ன ஓடையா ஓடி வரதராஜபுரம், முடிச்சூர் பக்கத்துல ஒண்ணு சேந்து ஆறுன்னு சொல்ற அளவுக்கு ஆகுது. அதனால ஆரம்பப் புள்ளின்னு மேப்ல ஒரே இடத்துல விரல் வைக்க முடியாது, ஒருத்தர் ஆதனூர்ம்பார், இன்னொருத்தர் மலைப்பட்டும்பார், ரெண்டு பேருமே ஒரு கிளையோட நுனியைத்தான் சொல்றாங்க.

செம்பரம்பாக்கம் வேற கதை. அது ஆத்துக்குத் தலை இல்ல, பக்கவாட்டுல வந்து சேர்ற பெரிய ஏரி. அங்க உபரித் தண்ணி திறந்து விட்டா குன்றத்தூர் பக்கமா ஓடி வந்து திருநீர்மலை கிட்ட அடையாத்துல கலக்கும். ஏரி பெருசு, பேப்பர்ல தினம் பேர் வருது, அதனால எல்லாரும் அதுதான் ஆரம்பம்னு நினைச்சுக்கறாங்க. உங்க பொண்ணு பரிட்சையில என்ன எழுதணும்னு கேட்டா டீச்சர் சொன்னதை எழுதச் சொல்லுங்க, மார்க் முக்கியம், லீவுல தாத்தா கூட ஆதனூர் ஏரிக்கரைக்கு அனுப்புங்க.

மணிமங்கலம் பேர் வந்ததால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இன்னிக்கு ஒரு சின்ன ஊர்தான். ஏழாம் நூற்றாண்டுல சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி காஞ்சிபுரத்தைக் குறி வெச்சு வந்தப்போ பல்லவன் நரசிம்மவர்மன் அவனை மடக்கி அடிச்ச இடங்கள்ல ஒண்ணு இந்த மணிமங்கலம், கூரம் செப்பேட்டுல பரியளம், மணிமங்கலம், சூரமாரம்னு மூணு போர்க்களமும் பேரோட இருக்கு. அங்க தோத்து ஓடினவங்களைத் துரத்திட்டுப் போய்தான் 642 வாக்குல வாதாபி வரைக்கும் பிடிச்சது, வாதாபி கொண்டான்னு பட்டம் வந்தது. நாம சாக்கடைன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டுற ஆத்தோட மேல்கோடியில நடந்த சண்டை அது.

மடிப்பாக்கம் வாசகர்: ஏரி வழிஞ்சா ஆறு எப்படி ஆகும்? கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

நம்ம பக்கத்து ஏரி எதுவும் இயற்கையா உண்டான பள்ளம் இல்ல. தரை மேற்கேர்ந்து கிழக்க லேசா சரியும், அந்தச் சரிவுல குறுக்க ஒரு மண்கரை போட்டா மேல்பக்கம் மழைத்தண்ணி தேங்கும், அவ்வளவுதான் ஏரி. கரையில ரெண்டு விதமான வாசல் இருக்கும். ஒண்ணு மதகு, தேவைப்படறப்போ திறந்து வயலுக்கு விடறதுக்கு. இன்னொண்ணு கலங்கல், அதை யாரும் திறக்க வேண்டாம், ஏரி முழுசா நிரம்பினா தண்ணி அது மேல தானா வழிஞ்சு போக்குக்கால்வாய் வழியா கீழ இருக்கற அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினா அதுக்கு அடுத்தது. பந்தியில முதல் இலைக்குப் போட்டுட்டுதான் அடுத்த இலைக்கு நகர்ற மாதிரி. கடைசி ஏரியும் நிரம்பி மிச்சம் இருக்கறதுதான் ஆத்துக்கு வரும்.

இப்படி அடையாத்துக்கு மிச்சம் அனுப்பற ஏரிங்க இருநூறு வரைக்கும் கணக்கு சொல்வாங்க. சென்னையில வருஷத்துக்கு சுமார் 140 செ.மீ. மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். அதை ஒரே வீச்சுல கடலுக்கு விடாம, படிப்படியா நிறுத்தி நிறுத்தி மார்ச் ஏப்ரல் வரைக்கும் வயலுக்கும் கிணத்துக்கும் பயன்படற மாதிரி பண்ணி வெச்சிருந்தாங்க. அதனாலதான் அடையாத்துல கோடையில தண்ணி இருக்காது, இருக்கவும் கூடாது, எல்லாம் மேல ஏரியில நிக்கணும். இன்னிக்கு கோடையில அதுல ஏதோ ஓடுதே அது என்னன்னு கேக்காதீங்க, உங்களுக்கே தெரியும்.

இப்ப என்ன ஆச்சுன்னா, வயல் போயிடுச்சு, வயல் போனதும் ஏரி யாருக்கும் வேணாம்னு ஆயிடுச்சு. சில ஏரி பேர்ல மட்டும் இருக்கு, சில ஏரி பாதியாச்சு, அதைவிட மோசம் ரெண்டு ஏரிக்கு நடுவுல இருந்த போக்குக்கால்வாய் தெருவா மாறிடுச்சு. கால்வாய் அகலமா இருக்கும், பத்து மாசம் காஞ்சு கிடக்கும், பாக்கறவங்களுக்கு சும்மா கிடக்கற இடம்னுதான் தோணும். லேஅவுட் போட்டாச்சு, வித்தாச்சு. மழை மட்டும் பழைய அளவுலயே பெய்யுது, நிறுத்தி வைக்கத்தான் ஆள் இல்ல.

முடிச்சூர் வாசகர்: 2015ல எங்க தெருவுல தண்ணி முதல் மாடி வரைக்கும் வந்துச்சு. செம்பரம்பாக்கத்தை ராத்திரியில சொல்லாம கொள்ளாம திறந்துட்டாங்க, அதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் இத்தனை வருஷமா திட்டிக்கிட்டு இருக்கேன். சரிதானே?

நீங்க பட்ட கஷ்டத்துக்குத் திட்டறதுக்கு முழு உரிமை இருக்கு. ஆனா மேப்பை எடுத்து ஒரு தடவை பாருங்க. செம்பரம்பாக்கம் தண்ணி ஆத்துல சேர்றது திருநீர்மலைல. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேல, ஆத்தோட தலைப்பக்கம் இருக்கு. அங்க வந்த தண்ணி செம்பரம்பாக்கத்துலேர்ந்து வரல, வர வழியில்ல. அது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிங்களோட தண்ணி.

அந்த வருஷ மழையை வரிசையா சொல்றேன். நவம்பர் மாசத்துல மட்டும் சென்னையில 100 செ.மீ.க்கு மேல பெஞ்சுது, அதாவது முக்கால் வருஷ மழை ஒரே மாசத்துல. அந்த மாச நடுவுலயே ஒரு ரவுண்டு வெள்ளம் வந்து போயிடுச்சு. நவம்பர் முடியறப்போ மேல இருக்கற எல்லா ஏரியும் விளிம்பு வரைக்கும் நிரம்பி நிக்குது, மண்ணும் ஊறிப்போச்சு, இனி ஒரு சொட்டு விழுந்தாலும் அப்படியே ஓடும்ங்கற நிலைமை. அந்த நேரம் பாத்து டிசம்பர் 1ஆம் தேதி காலையிலேர்ந்து அடுத்த நாள் காலை வரைக்கும் தாம்பரத்துல 49 செ.மீ., செம்பரம்பாக்கத்துல 47 செ.மீ. ஒரே நாள்ல. நிரம்பின ஏரி மேல இப்படிக் கொட்டினா கலங்கல் வழியாவும் போகும், சில இடத்துல கரையை உடைச்சுக்கிட்டும் போகும். ஓட வேண்டிய கால்வாய்ல வீடு இருக்கு, அதனால வீட்டுக்குள்ள ஓடுச்சு.

இதைச் சொல்றதால செம்பரம்பாக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கறேன்னு யாரும் நினைக்காதீங்க. திருநீர்மலைக்குக் கீழ இருக்கறவங்க, அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் இவங்க எல்லாருக்கும் அந்த ஏரி பதில் சொல்லித்தான் ஆகணும். அந்த ஏரியோட கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. அன்னிக்கு ராத்திரி திறந்து விட்டது செகண்டுக்கு 29,000 கன அடி. நம்பரா சொன்னா மண்டையில ஏறாது, 12,000 லிட்டர் தண்ணி லாரி தெரியும்ல, அந்த மாதிரி கிட்டத்தட்ட 68 லாரியை ஒவ்வொரு செகண்டும் கவுத்தா எவ்வளவோ அவ்வளவு. இதுவும் மேலேர்ந்து ஏற்கனவே முடிச்சூரை மூழ்கடிச்சுட்டு வந்த தண்ணியும் திருநீர்மலைல கை கோத்துக்கிட்டு சிட்டிக்குள்ள நுழைஞ்சுது. முந்தின நாட்கள்லயே வானிலை எச்சரிக்கை இருந்தப்போ கொஞ்சம் கொஞ்சமா முன்கூட்டியே திறந்து இடம் பண்ணி வெச்சிருக்கலாமேங்கற கேள்வி இன்னிக்கும் அப்படியே நிக்குது. 2018ல சட்டமன்றத்துல வெச்ச, அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கையும் இதை மனுஷன் உண்டாக்கின பேரிடர்னுதான் சொல்லுச்சு.

என்னோட கருத்தைக் கேட்டா, ஒரே ஒரு ஏரி மேல மொத்தப் பழியையும் போட்டதுல நமக்கு ஒரு வசதி இருக்கு. அந்த ஒரு மதகை ஒழுங்கா இயக்கினா போதும், எல்லாம் சரியாயிடும்னு நம்பிக்கலாம். மேல இருக்கற இருநூறு ஏரியைப் பத்தி யோசிக்க வேண்டாம், நாம வாங்கின பிளாட் எந்த ஏரியோட கால்வாய்னு பத்திரத்தைப் புரட்ட வேண்டாம். அடுத்த முறை டிவியில "செம்பரம்பாக்கத்துல 19 கண் மதகு திறப்பு"ன்னு ஓடறப்போ முடிச்சூர்ல இருக்கற நீங்க அதைப் பாத்து பயப்படாதீங்க, ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரி கலங்கல் தாண்டிடுச்சான்னு விசாரிங்க. உங்களுக்கு அதுதான் செய்தி.

பம்மல் வாசகி: திருநீர்மலை கோயிலுக்கும் ஆத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டாங்க?

நிறையவே. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தப்போ மலையைச் சுத்தி ஒரே வெள்ளம், கிட்ட போகவே முடியல, தண்ணி வடியற வரைக்கும் ஆறு மாசம் எதிர்ல காத்திருந்து அப்புறம்தான் சேவிச்சார்ங்கறது தல வரலாறு. அதனாலதான் நீர்மலைன்னு பேர்னு சொல்வாங்க. ஆறு மாசம்ங்கறது பக்தியில கொஞ்சம் கூட்டினதா இருக்கலாம், ஆனா இடத்தைப் பாருங்க, ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கம் உபரி வந்து சேர்ற இடம், சுத்தி ஏரி. இங்க தண்ணி தேங்கும்னு ஆழ்வார் காலத்துலேர்ந்தே ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆழ்வார் மலையடிவாரத்துல வீடு கட்டாம எதிர்க்கரையில காத்திருந்தார், அதையும் கவனிங்க.

நங்கநல்லூர் வாசகர்: ஏர்போர்ட் ரன்வே ஆத்து மேல கட்டியிருக்குன்னு சொல்றது நெஜமா?

நெஜம்தான். ரெண்டாவது ரன்வேயை நீளமாக்கறதுக்கு இடம் போதாம அடையாத்து மேல பாலம் மாதிரி கட்டி அது மேல ரன்வேயைக் கொண்டு போயிருக்காங்க. 2015ல ஏர்போர்ட்டுக்குள்ள தண்ணி பூந்து டிசம்பர் 6 வரைக்கும் விமானம் பறக்கல, 2023 மிக்ஜாம் புயலப்பவும் மூடினாங்க. ஆறு தன் வழியில ஏர்போர்ட்டுக்கு வந்துச்சா, ஏர்போர்ட் ஆத்து வழிக்குப் போச்சான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

மேற்கு மாம்பலம் வாசகர்: சைதாப்பேட்டை பாலத்துக்கிட்ட ஏதோ அர்மீனியர் கல்வெட்டு இருக்குன்னு தாத்தா சொல்வார். அர்மீனியாவுக்கும் சைதாப்பேட்டைக்கும் என்ன சார் சம்பந்தம்?

வியாபாரம். பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுல அர்மீனிய வணிகர்கள் மெட்ராஸ்ல பெரிய கைங்க, பாரிமுனை பக்கத்துல அரண்மனைக்காரத் தெருன்னு தமிழ்ல சொல்ற அர்மீனியன் தெரு அவங்க பேர்தான். அதுல கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒருத்தர். அந்தக் காலத்துல கோட்டையிலேர்ந்து பரங்கிமலைக்குப் போற வழியில அடையாத்தை இறங்கித்தான் கடக்கணும், மழைக்காலத்துல அதுவும் முடியாது. அவர் 1726ல சொந்தக் காசைப் போட்டுப் பாலம் கட்டினார், அதோட நிக்காம பராமரிப்புக்குன்னு தனியா ஒரு தொகையும் ஒதுக்கி வெச்சுட்டுப் போனார். இதைப் படிக்கறப்போ எனக்குப் பெருமூச்சுதான் வரும், பாலம் கட்டறதுக்குக் காசு ஒதுக்கறவங்க எல்லாக் காலத்துலயும் உண்டு, அதைப் பாத்துக்கறதுக்கு ஒதுக்கினவரை இவரைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கேன். பரங்கிமலை உச்சியில இருக்கற மாதா கோயிலுக்கு ஏர்ற படிக்கட்டும் அவர் உபயம்தான்.

வெள்ளைக்காரங்க அந்தப் பாலத்தை மார்மலாங் பிரிட்ஜுன்னாங்க. உங்க மாம்பலம்தான் அவங்க வாயில அப்படி ஆச்சு. பழைய பாலம் போய் 1966ல புதுப் பாலம் வந்து மறைமலை அடிகள் பேர் வெச்சாங்க. உஸ்கான் கல்வெட்டு லத்தீன், பாரசீகம், அர்மீனியம்னு மூணு மொழியில வெட்டினது. பஸ்ல போறவங்க யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, தாத்தா பாத்திருக்கார்.

திருவான்மியூர் வாசகர்: அடையாறு போர்னு ஒண்ணு நடந்ததாமே? யாருக்கும் யாருக்கும்?

பிரெஞ்சுக்காரங்களுக்கும் ஆற்காட்டு நவாபுக்கும். 1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸ் கோட்டையை இங்கிலீஷ்காரங்க கிட்டேர்ந்து பிடிச்சுட்டாங்க. பிடிச்சதும் நம்ம கிட்ட ஒப்படைப்பாங்கன்னு நவாப் அன்வருதீன் எதிர்பார்த்தார், நடக்கல. மகன் மாபுஸ்கானை பத்தாயிரம் பேர் வரைக்கும் படையோட அனுப்பினார். அவங்க சாந்தோம் பக்கம், ஆத்தோட வடகரையில நின்னாங்க. பாண்டிச்சேரியிலேர்ந்து பாரடிஸ்னு ஒரு அதிகாரி வந்தார், அவர் கூட ஆயிரம் பேர் கூட இல்ல, அதுலயும் நிறைய பேர் இங்க உள்ளூர்ல சேத்துப் பயிற்சி குடுத்த சிப்பாய்ங்க. முகத்துவாரம் பக்கத்துல ஆழம் கம்மியான இடத்துல ஆத்துல இறங்கி, சுட்டுக்கிட்டே கடந்து, கரையேறி வரிசையா நின்னு அடுத்தடுத்து சுட்டதுல நவாப் படை சாந்தோம் தெருக்கள் வழியா ஓடிடுச்சு.

சண்டை சின்னது, பின்விளைவு பெருசு. எண்ணிக்கை முக்கியமில்ல, பயிற்சியும் வரிசையும்தான் முக்கியம்னு ஐரோப்பியக் கம்பெனிகளுக்குப் புரிஞ்ச இடம் இதுதான். உள்ளூர் ஆளுங்களையே சம்பளத்துக்கு எடுத்துப் பழக்கினா எந்த ராஜாவையும் அடிக்கலாம்னு கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சுக்காரங்க கண்டுபிடிச்ச வித்தையை இங்கிலீஷ்காரங்க எடுத்துக்கிட்டு அவங்களையே ஓரங்கட்டினது அடுத்த இருபது வருஷக் கதை. மெட்ராஸ் 1749ல திரும்ப இங்கிலீஷ்காரங்க கைக்கு வந்துடுச்சு. போர் நடந்த இடத்துல ஒரு போர்டு கூட கிடையாது, குவிபுள் ஐலண்ட்னு சொல்ற பகுதி அது, இப்ப அப்பார்ட்மென்ட்டும் கல்லறைத் தோட்டமும் இருக்கு.

அண்ணாநகர் வாசகர்: கூவமும் அடையாறும் ஒண்ணா? எங்கயாவது சேருதா?

ரெண்டும் தனித்தனி ஆறு, தனித்தனியா கடல்ல சேருது. நடுவுல பக்கிங்காம் கால்வாய்தான் ரெண்டையும் இணைக்குது. அந்த சுமார் 8 கி.மீ. துண்டு 1877, 78 வாக்குல தாது வருஷப் பஞ்சத்தப்போ வெட்டினது. சாப்பாட்டுக்கு வழியில்லாம பட்டணத்துக்கு வந்து குவிஞ்ச ஜனங்களுக்கு நிவாரண வேலைன்னு குடுத்து, கூலிக்கு வெட்ட வெச்சாங்க. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேர் கால்வாய்க்கு, வெட்டினவங்க யாருன்னு எங்கயும் பேர் இல்ல. இப்ப அதுக்குள்ள பறக்கும் ரயில் தூண் நிக்குது.

பெசன்ட் நகர் வாசகி: உடைஞ்ச பாலம் எப்படி உடைஞ்சுது? அங்க ஆறு சில சமயம் கடலோட சேராம மணல் மூடிக்கிட்டு இருக்கே, ஏன்?

1967ல கட்டினது, சீனிவாசபுரம் பக்கத்துக்கும் ஊரூர் குப்பம் பக்கத்துக்கும் மீனவ ஜனங்க போய் வர்றதுக்கு. 1977ல வெள்ளம் வந்து ஒரு பகுதியை இழுத்துட்டுப் போயிடுச்சு, அப்புறம் யாரும் சரி பண்ணல. பத்து வருஷம் நடந்தாங்க, மிச்ச காலம் பூரா சினிமா ஷூட்டிங்.

மணல் விஷயம் சுவாரஸ்யமானது. நம்ம கரையோரமா மணல் சும்மா கிடக்கறதில்ல, அலையோட சேந்து வருஷத்துல அதிக மாசம் தெற்கேர்ந்து வடக்க நகர்ந்துக்கிட்டே இருக்கும். மெரினா அவ்வளவு அகலமானதுக்கும் அதுதான் காரணம், துறைமுகம் கட்டினதும் போற மணலை அது தடுத்து தெற்குப் பக்கம் குவிச்சுது. ஆத்து வாய்ல என்ன ஆகும்னா, உள்ளேர்ந்து தண்ணி வேகமா வந்தா மணலைத் தள்ளிவிடும், கோடையில தள்ளறதுக்கு ஆத்துல விசை இல்ல, மணல் ஜெயிச்சுடும், வாய் மூடிக்கும். மூடினா கடல் தண்ணி உள்ள வந்து போகாது, உள்ள தேங்கின கழிவு அப்படியே நாறும், மீன் செத்து மிதக்கும். அதனால வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி பொக்லைன் விட்டு வாயைத் திறப்பாங்க. முகத்துவாரம் திறந்திருந்தா மீனுக்கும் நல்லது, கோட்டூர்புரத்துக்கும் நல்லது. இதுல குப்பத்து மீனவர்கள்கிட்ட கேட்டா எந்த மாசம் எந்த இடத்துல திறந்தா நிக்கும்னு துல்லியமா சொல்வாங்க, கேக்கறவங்கதான் கம்மி.

ராயப்பேட்டை வாசகர்: அடையாத்துல ஒரு காலத்துல படகு விட்டாங்கன்னு சொன்னா என் பசங்க சிரிக்கறாங்க.

இப்பவும் விடறாங்க. மெட்ராஸ் போட் கிளப் 1867லேர்ந்து இருக்கு, விடிகாலையில கோட்டூர்புரம் பாலத்துல நின்னு பாத்தா நீளமான படகுல துடுப்பு போடறவங்களைப் பசங்களே பாக்கலாம். அந்தக் காலத்துல வெள்ளைக்கார அதிகாரிங்க ஆத்தங்கரையிலதான் பங்களா கட்டினாங்க. ஜேம்ஸ் பிராடின்னு கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருத்தர் 1796 வாக்குல கோட்டை மாதிரியே வீடு கட்டினார், பிராடீஸ் காசில். அப்புறம் அதே ஆத்துல படகுல போனப்போ மூழ்கி இறந்துட்டார். அந்த வீடு இன்னும் இருக்கு, அரசு இசைக்கல்லூரி அங்கதான் நடக்குது.

சைதாப்பேட்டை வாசகர்: ஆத்தங்கரையில இருந்த எங்க ஜனங்களை ஆக்கிரமிப்புன்னு சொல்லி பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க. வெள்ளத்துக்கு நாங்கதான் காரணமா?

இல்லைங்க. கரையில குடிசை போட்டவங்களுக்கு ஆபத்து இருந்துச்சு, அதை மறுக்க முடியாது, முதல் வெள்ளம் அவங்க வீட்டுக்குள்ளதான் வரும். ஆனா ஆபத்துல இருக்கறது வேற, ஆபத்தை உண்டாக்கறது வேற. தகரக் கூரை ஆத்தை மறிக்காது. ஏரியை மண் கொட்டி மேடாக்கினது, கால்வாயைக் கான்கிரீட் போட்டுக் குறுக்கினது, ஆத்தோட வெள்ளச் சமவெளியில மாடி மாடியா எழுப்பினது எல்லாம் அனுமதியோட, பட்டாவோட நடந்த வேலை, அதனால அது ஆக்கிரமிப்புக் கணக்குல வராது. உங்களைக் கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின தாழ்வான இடம், மழைக்கு அங்கயும் தண்ணி நிக்குது. வேலைக்கும் ஸ்கூலுக்கும் பழைய இடத்துக்கே பஸ் ஏறி வர வேண்டியிருக்கு. ஆத்தைச் சுத்தம் பண்றோம்னு ஆரம்பிச்சவங்க முதல்ல எடுத்தது சாக்கடைக் குழாயை இல்ல, உங்க வீட்டை. இதுல எனக்கு நடுநிலையா பேசத் தெரியல, மன்னிச்சுக்கோங்க.

அடையாறு வாசகி: ஆலமரம் இன்னும் இருக்கா?

இருக்கு. பிரம்மஞான சபை தோட்டத்துல, 450 வயசுன்னு சொல்வாங்க. 1989ல அடிச்ச புயல் காத்துல நடு அடிமரம் சாஞ்சுடுச்சு, இப்ப நீங்க பாக்கறது விழுதுங்கதான். சபை 1882ல இந்த ஆத்தங்கரைத் தோட்டத்தை வாங்கினதாலதான் முகத்துவாரத்தோட தென்கரையில இத்தனை மரம் மிச்சம் இருக்கு. தனியார் கையில போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எதிர்க்கரையைப் பாத்தா தெரியும்.

தாம்பரம் வாசகர்: ஆத்தை முழுசா ஒரு நாள்ல பாத்துட முடியுமா? பசங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு ஆசை.

மொத்தமே 42 கி.மீ. தான், டூவீலர்ல தாராளமா முடியும். ஆனா ஆத்தங்கரை ஓரமாவே ரோடு கிடையாது, பாலம் பாலமா போய்ப் பாக்கணும். நீங்க தாம்பரம்ங்கறதால மேல்கோடி பக்கம். காலையில மணிமங்கலம் ஏரிக்கரை, அங்க ராஜகோபால பெருமாள் கோயில்ல சோழர் கல்வெட்டு நிறைய இருக்கு. அப்புறம் முடிச்சூர், திருநீர்மலை மலை மேல ஏறினா ஏரியும் ஆறும் எப்படி கோத்துக்கிட்டு இருக்குன்னு கண்ணுக்கே தெரியும், பசங்களுக்கு அதுதான் பாடம். அனகாபுத்தூர்ல நெசவாளர்கள் வாழைநார்ல சேலை நெய்யறாங்க, விசாரிச்சுட்டுப் போனா பாக்கலாம். மணப்பாக்கம், சின்னமலை, சைதாப்பேட்டை பாலம், கோட்டூர்புரம் பாலம். திரு.வி.க. பாலத்துல நிக்கறப்போ பக்கத்துல ஒட்டினாப்ல பழைய எல்பின்ஸ்டன் பாலம் தெரியும், 1840ல கட்டினது. கடைசியா உடைஞ்ச பாலம்.

நவம்பர் கடைசி இல்ல டிசம்பர்ல, மழை விட்ட ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போங்க, அப்பதான் கலங்கல்ல தண்ணி வழியறதைப் பாக்க முடியும். தொல்காப்பியப் பூங்காவுக்கும் பிரம்மஞான சபைக்கும் நினைச்ச நேரத்துல உள்ள விட மாட்டாங்க, நேரமும் அனுமதியும் முதல்லயே கேட்டுக்கோங்க. ஏரிக்கரையில பசங்க கையைப் பிடிச்சுக்கோங்க, கலங்கல்ல பாசி வழுக்கும்.